ஐந்து டாலரில் எனக்குப் பாதி

ரேண்ட்தான் கொண்டுவர வேண்டும் ருவா, நமீபியத் தாளை அல்ல. நீ வேலை பார்க்கும் ஊரில் இரண்டும் ஒரே மதிப்பு, ஒரே கல்லாவில் கலந்து கிடக்கும், அதனால்தான் உனக்கு மறந்துபோகும். எல்லைப் பாலத்தைத் தாண்டிய நிமிடம் உன் நமீபியத் தாள் வெறும் தாள். கிறிஸ்துமஸுக்குக் கிளம்பும் முன்பே கடையில் எதை வாங்கினாலும் மீதியை ரேண்டாகக் கேள். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பார்கள், சுளிக்கட்டும். பார், நலம்கூட விசாரிக்காமல் பணத்தில் இறங்கிவிட்டேன். நம் வழக்கப்படி சொன்னால், நீ நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் நானும் நன்றாகத் தூங்கி எழுந்தேன். இங்கே நான் நலம், கோழிகள் நலம், கூரை ஒரு மூலை தவிர நலம். மழை இன்னும் மனம் வைக்கவில்லை, மேகம் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. சோளம் விதைத்தவர்கள் வானத்தைத் திட்டுகிறார்கள், விதைக்காதவர்கள் விதைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பள்ளியில் தேர்வுத்தாள் திருத்துகிறேன். ஒரு பெண் மேற்கே போகிற ஆரஞ்சு ஆற்றை வடக்கே பாயவைத்திருக்கிறாள், அம்புக்குறி போட்டு, அவ்வளவு உறுதியாக. தவறு போட மனமே வரவில்லை, போட்டேன்.

குரல் பதிவில் நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். என்ன பணம் கொண்டுவருவது என்பது ஒன்று. இன்னொன்றைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாய், பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று: "அம்மா, ஒட்டீலியா அத்தை சொல்ற அந்த ஆள் யாரு?" பதில் பேசிப் பதிவுசெய்து பார்த்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அழித்துவிட்டேன். எழுதினால் என் குரலை நான் கேட்க வேண்டியதில்லை. விண்டூக் வழியாக உன் ஊருக்குச் சாமான் கொண்டுபோகும் கிளெமன்ட் இன்று சாயங்காலம் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதல் கேள்வி சுலபம், அதை முடித்துவிடுகிறேன்.

போட்ஸ்வானாவில், கசானேயில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும், அங்கே புலா மட்டும்தான். அவர்கள் மொழியில் புலா என்றால் மழை, பணத்துக்கு மழை என்று பேர் வைத்த ஜனங்கள், எனக்கு அவர்களை அதற்காகவே பிடிக்கும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிறதை மட்டும் இயந்திரத்தில் எடு, மிச்சம் வைக்காதே. அதற்கு முன் உன் வங்கிக்குச் சொல்லிவிடு, இன்ன தேதியிலிருந்து ஊர் ஊராகப் போகிறேன் என்று. இல்லையென்றால் எவளோ உன் அட்டையைத் திருடிக்கொண்டு போட்ஸ்வானாவில் சுற்றுகிறாள் என்று நினைத்து முடக்கிவிடுவார்கள். எல்லையைத் தாண்டி நம் நாட்டுப் பக்கம் வந்ததும் அமெரிக்க டாலர். அதிலும் சின்னத் தாள், ஒன்றும் ஐந்தும். நூறு டாலர்த் தாளை நீட்டினால் எல்லையோரத்து அருவிப் பக்கத்துக் கடைக்காரன் உன்னை ராணி மாதிரிப் பார்ப்பான், மீதி மட்டும் தரமாட்டான். மீதிக்குப் பதில் மிட்டாய் தருவான், பேனா தருவான், வெறுங்காகிதத்தில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவான். நம் ஊர்த் தாளாகவும் கொஞ்சம் கொடுப்பான், அதை அன்றைக்கே தக்காளிக்கும் வேனுக்கும் செலவழித்துவிடு. எல்லையில் சிலர் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு "தங்கச்சி, நல்ல ரேட்டு" என்று பின்னாலேயே வருவார்கள். பாதித் தாளை மடித்துச் செருகியிருப்பார்கள், எண்ணும்போது ஒன்றே இரண்டாகத் தெரியும், அவர்களிடம் பேச்சே வேண்டாம். கழிப்பறைக்கு ஐந்து ரேண்ட் நாணயம் தனியாக வைத்துக்கொள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே. உள்சட்டைக்குள்ளும் வேண்டாம், சோதனைச் சாவடி வரும்போது பஸ்ஸில் எல்லாப் பெண்களும் பணத்தை எடுக்க ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்புவதைத் திருடன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். இத்துடன் ஓர் உறை வைத்திருக்கிறேன், சின்ன டாலர்த் தாள்கள், நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அழுக்காக இருந்தன. துணியோடு துணியாகத் துவைத்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். வெளுத்திருக்கின்றன, ஆனால் எல்லாம் முழுசு. மூலையைப் பார், நடுமடிப்பைப் பார். அழுக்குத் தாளை எல்லாரும் வாங்குவார்கள், கிழிந்த தாளை வாங்கமாட்டார்கள். இதைச் சொல்லும்போதே இரண்டாவது கேள்விக்கு வந்துவிடுகிறேன்.

மே மாதம். மஷாவாவில் ஒரு கல்யாணம், என்னோடு வேலை பார்க்கிறவளின் தங்கைக்கு. திரும்பி வர வேன். முன் இருக்கைக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது, பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர். வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது காலால் தரையை அழுத்தினார். பள்ளம் வந்தால் அழுத்தினார், மாடு குறுக்கே வந்தால் இரண்டு காலாலும் அழுத்தினார். எனக்குச் சிரிப்பு. கட்டணம் இரண்டரை டாலர். நான் ஐந்து கொடுத்தேன், அவரும் ஐந்து கொடுத்தார். கண்டக்டருக்கு நரைத்த தாடி, தொப்பை, விரலுக்கு விரல் நீளவாக்கில் மடித்த தாள்கள். சில்லறை இல்லையாம். நம் ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தான். "டீச்சரம்மா, நீங்களும் இந்தச் சிவப்புத் தொப்பி அய்யாவும் ஜோடி. இந்தாங்க, ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சு. கீழ எறங்கி நீங்களே பிரிச்சுக்குங்க." வேன் முழுக்கச் சிரித்தது. மடியில் கோழி வைத்திருந்த ஒரு பெண்மணி பின்னாலிருந்து, "அவசரப்படாதீங்க, மொதல்ல குலத்தக் கேளுங்க, ஒரே குலமா இருந்து தொலைக்கப் போவுது" என்றாள். தொப்பிக்காரர் திரும்பி உட்கார்ந்து, மரியாதையாகக் கைகளை மெல்லத் தட்டி, "நான் நீர்க்குலம், மீன் சாப்பிட மாட்டோம்" என்றார். நான் குரங்குக்குலம் என்றேன். வேறென்ன சொல்வது. "அப்பறம் என்ன, கொரங்கு மரத்துல, மீனு தண்ணில, சண்டையே வராது" என்று கோழிக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் ருவா. இப்படி எத்தனையோ பேரோடு என்னை ஜோடி சேர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையன், போதகர், ஒருமுறை போலீஸ்காரர். இறங்கினதும் ஆளுக்கொரு பொருள் வாங்கி, தாளை உடைத்து, பங்கு பிரித்து, முகம் மறந்து போய்விடுவோம்.

முச்சேக்கே பஸ் நிலையத்தில் இறங்கி வெளிச்சத்தில் பார்த்தோம். தாளின் நடுவில் பசை. ஒரு மூலையே இல்லை. நாங்கள் கொடுத்தவை இரண்டும் நல்ல தாள், வந்தது இது. வேன் போய்விட்டிருந்தது. ரொட்டிக் கடையில் வாங்கவில்லை. தக்காளி விற்கிறவள் என்னை நன்றாகத் தெரிந்தவள், தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அய்யோ டீச்சர், இதுல பாதி அமெரிக்காவுலயே தங்கிடுச்சு" என்றாள். மருந்துக் கடைப் பெண் மூலை எங்கே என்று கேட்டாள். அவர் முகம் மாறாமல், "அது அடுத்த பஸ்ல வருது" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ரொம்ப நாளாக அப்படிச் சிரிக்கவில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. நிலையத்துக்கு வெளியே அந்த ஒலிபெருக்கி வண்டி நின்றது, "கிழிஞ்ச டாலரு, எலி கடிச்ச டாலரு, ஓடாத ஃப்ரிட்ஜு, பழைய பேட்டரி" என்று கத்திக்கொண்டு. வண்டிக்காரன் மூன்றரை டாலர் தருகிறேன் என்றான். எனக்குக் கோபம். "தாள்ல அஞ்சுன்னுதானப்பா போட்டிருக்கு?" என்றேன். "அம்மா, தாள்ல போட்டிருக்கறத நம்பித்தானே இந்த நாட்டுல எல்லாரும் இப்படி நிக்கறோம்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மூன்றரைக்குத் தரமாட்டேன் என்றேன். சிவப்புத் தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "சரி. அப்ப இது யாரு வீட்ல இருக்கட்டும்?" என்றார்.

என் வீட்டில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் சந்தித்து வேறு கடைகளில் முயன்றோம். ஆகவில்லை. அந்த வாரம் அது அவர் வீட்டில் இருந்தது. அப்புறம் என் வீட்டில். அவர் பெயர் கோஸ்மஸ் மாவுரா. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அதனால்தான் அந்தக் கால். மனைவி இறந்து பல வருடம், ஒரு மகன் ந்தோலாவில் இருக்கிறான். குடிப்பதில்லை, ஆனால் தேநீரில் நான்கு கரண்டிச் சர்க்கரை போடுகிறார், அதைக் குடி என்றே சொல்லலாம். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நாங்கள் ரொம்ப நாளாக ஏமாற்ற முயன்று தோற்றுக்கொண்டிருந்தோம் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் ஒரு தடவைகூட ஒளித்துக் கொடுக்கவில்லை. அவர் தாளை நீட்டும்போதே "இதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லித்தான் நீட்டுவார். அப்புறம் எப்படி வாங்குவார்கள். ஒரு சனிக்கிழமை தக்காளிக்காரி கடையோரம் தாளை வெயிலுக்குக் காட்டி, பசை எவ்வளவு தெரிகிறது என்று இருவரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒட்டீலியா அத்தை பார்த்திருக்கிறாள். உன்னிடம் அவள் சொன்னது பொய் இல்லை. "உங்கம்மா சந்தை நடுவுல ஒரு ஆம்பளையோட தலைய ஒட்டிக்கிட்டு நிக்கறா" என்றுதானே சொன்னாள். நின்றோம்.

ஜூலைக் கடைசியில் அது நடந்தது. மைதானத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு பெட்டிக்கடை. கடைக்காரி இடுப்பில் குழந்தை, காதில் போன். ரொட்டியும் ஒரு பாட்டில் எண்ணெயும் கேட்டோம். அவர் வழக்கம்போல் தாளுக்கு உடம்பு சரியில்லை என்றார். அவள் வாங்கி டப்பாவில் போட்டாள், மீதி எண்ணிக் கொடுத்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, அதுல மூலை இல்ல, பாத்துக்குங்க" என்றார். அவள் போனிலிருந்து வாயை எடுத்து, "தெரியும்ய்யா, நானும் இன்னொருத்தன் தலையிலதான் கட்டப்போறேன், கெளம்புங்க" என்றாள். கிளம்பினோம். ரொட்டி என் கையில், எண்ணெய் அவர் கையில். மீதியைப் பிரித்துக்கொண்டோம், கணக்குச் சரியாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். இருவரும் தெருமுனையில் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி நின்றோம். ஒரு ஆள் சைக்கிளில் தகரக் கூரைத் தகடு கட்டிக்கொண்டு போனான், அவன் போய் முடியும்வரை பார்த்தோம். பிறகு அவர் எண்ணெய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அடுத்த சனிக்கிழம நான் என்னன்னு சொல்லிட்டு வர்றது டீச்சர்?" என்று கேட்டார்.  என் வயது, உன் வயது, உன் அப்பா, பள்ளிக்கூடம், பக்கத்து வீடு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பிறகு, ஒன்றும் சொல்லாமல் வாருங்கள் என்றேன்.

வந்தார். சிவப்புப் பலகை மாட்டிய அந்தப் பழைய பயிற்சி வண்டியில். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஆமாம், உன் அம்மா வண்டி ஓட்டுகிறாள். கியாங்கோம்பே சாலையில் ஒரு கறையான் புற்றின் மேல் ஏற்றப் பார்த்தேன், அவர் காலை அழுத்தினார், இந்தமுறை அவர் காலுக்கடியில் நிஜமாகவே பிரேக் இருந்தது. திட்டவில்லை. "புத்து நகராது டீச்சர், நாமதான் நகரணும்" என்றார். தற்காலிக உரிமம் வாங்கிவிட்டேன். புகைப்படத்தில் குற்றவாளி மாதிரி இருக்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. பணத்துக்குப் பின்னால் பூஜ்யம் பூஜ்யமாகச் சேர்ந்த அந்த வருடங்களில் நீ சின்னப்பெண். சம்பளம் வந்த அன்றே அவர் சோப்பு வாங்கி வந்து அடுக்குவார், மறுநாள் அந்தப் பணத்துக்குப் பாதிச் சோப்புதான் வரும் என்பதால். சோப்பு அழுகாது, எலி தின்னாது என்பார். பின்னறை முழுக்கப் பச்சைக் கட்டிகள், அந்த அறையில் போய் நின்றாலே குளித்த மாதிரி இருக்கும். எங்கள் தலைமுறைக்குப் பணம் சாவதைப் பார்த்த பழக்கம் உண்டு. ஒரு நாள் காலையில் இருந்தது, சாயங்காலம் அதில் கடலை மடித்துத் தந்தார்கள். ஆனால் ஆள் சாவது வேறு. அவர் போன பிறகும் அந்தச் சோப்பு இருந்தது. நான் அதில்தான் துவைத்தேன், அதில்தான் குளித்தேன். கடைசிக் கட்டி கரைந்த நாள் யாருக்கும் சொல்லவில்லை, அழவும் இல்லை. கடையில் போய் வேறு சோப்பு வாங்கி வந்தேன். அது மணக்கவே இல்லை. இப்போது மணக்கிறது. இதை உனக்குச் சொல்லலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

அப்பா இறந்து ஆண்டு நிறைவில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். சித்தப்பாக்கள் மூவரும் வரிசையாகப் பாயில், என் கையில் அவருடைய தடி. அவர்களில் யாரைக் கணவராக ஏற்கிறேனோ அவர் கையில் கொடுக்க வேண்டும். நான் மூவரையும் தாண்டிப் போய் உன் முன்னால் முழங்கால் போட்டு உன் கையில் கொடுத்தேன். நீ பயந்துபோய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய், தடி உன்னைவிடக் கனமாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவின் இடம் உன்னுடையது என்று ஆயிற்று. அன்று அது எனக்கு ஒரு தப்பிக்கும் வழி மட்டும்தான், மூன்று பேருக்கும் கோபம் வராமல் வேண்டாம் என்று சொல்ல. வருடங்கள் போகப்போக அப்படி இல்லை. தடி உன் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, எண்ணெய் தடவித் துடைத்து வைக்கிறேன். போன மாதம் அத்தை வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ருவாம்மா, நான் சண்ட போட வரல. எந்தம்பி தடி யாரு கையில இருக்கு? அந்தக் கையக் கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "அப்ப கேளு. இல்லேன்னா நான் சொல்லிப்புடுவேன், நான் சொன்னா என் பாணில சொல்லுவேன்" என்றாள். சொல்லிவிட்டாள், அவள் பாணியிலேயே. அவள்மேல் கோபப்படாதே. கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

எனவே கேட்கிறேன். மாவுராவுக்கு, முறைப்படி ஆள் அனுப்பிப் பேச வேண்டும் என்று ஆசை, கிறிஸ்துமஸ் முடிந்ததும். யாரிடம் பேச்சு எடுப்பது என்று கேட்டார். என் அண்ணனிடமா, சித்தப்பாக்களிடமா என்று. தடி என் மகளிடம் இருக்கிறது என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்ப அந்தப் பொண்ணு முன்னாடிதான் நான் உக்காந்து கைதட்டணும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. நீ பஸ் இறங்கும் புலவாயோவுக்கு உன்னை அழைக்க நான் வருகிறேன், அது உறுதி. அவர் வண்டியில் அவரோடு வருவதா, நான் மட்டும் பஸ்ஸில் வருவதா என்பதை நீ சொல். இரண்டு பேரும் வாங்க என்று ஒரு வரி அனுப்பு, அல்லது நீ மட்டும் வா என்று. விளக்கம் வேண்டாம். நீ மட்டும் வா என்றால் என்ன ஆகும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கஷ்டப்படுவேன், அதை மறைக்கமாட்டேன். சனிக்கிழமைகள் நீளமாக இருக்கும். ஆனால் ஆள் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுவேன், காரணம் கேட்டால் தடி இன்னும் தயாராகவில்லை என்பேன். அன்று உன் கையில் கொடுத்ததை, எனக்கு வசதிப்படாத நாளில் வெறும் குச்சி என்று சொல்ல முடியாது. இதில் உனக்கு என்மேல் இரக்கம் வர வேண்டாம். எனக்காகச் சரி என்று சொல்லாதே, அது எனக்குத் தெரிந்துவிடும், உன் மௌனத்தைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியும். அவரைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றால் அதையும் எழுது, வந்து பார், வண்டியில் பின்னால் உட்கார்ந்து பார். நான் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்தால் அது வேறு கணக்கு. ஒன்று மட்டும், அவர் வருவதானால் கருவாட்டை இறுக்கமாகக் கட்டி எடுத்துவா. உன் மீன் தொழிற்சாலைக் கருவாடு எனக்கு மட்டும் போதும். அவர் குலத்துக்கு அந்த வாசனையே ஆகாது, வழி முழுக்க ஜன்னலைத் திறந்துவைப்பார்.

வேறென்ன. உன் அறைக்கு வெள்ளையடித்தேன், நான்தான், ஒரு சுவர் மட்டும் பாக்கி. கறுப்புக் கோழி மறுபடியும் அடைகாக்கிறது. உன் கடைசிப் புகைப்படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது, தொழிற்சாலை ஆய்வகத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவதை விடு. கடற்காற்றுக்குத் தலையை மூடிக்கொள். வழியில் பக்கத்து இருக்கைக்காரர்களோடு பேசு, ஆனால் பையைப் பற்றிப் பேசாதே. கிளெமன்ட்டிடம் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் வறுத்த கடலையும் உலர்ந்த கீரையும் இருக்கின்றன, சுமை கூலியை ரேண்டில் முன்பே கொடுத்துவிட்டேன், மறுபடி கேட்டால் தராதே, கேட்பான். நம் முன்னோர் உன் பஸ்ஸுக்கு முன்னால் நடந்து வழியைச் சுத்தம் செய்யட்டும். ஓட்டுநருக்குத் தூக்கம் வராமல் இருக்கட்டும். நீ காலெடுத்து வைக்கிற ஒவ்வொரு நாட்டிலும் யாராவது ஒருவர் உன்னை மகளே என்று கூப்பிடட்டும். மறக்காதே, எல்லையோரக் கட்டிமாவுக்கு முன்னால் ரேண்ட். தாளை வாங்கும்போது மூலையைப் பார். அந்த ஒரு வரியை அனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
எஸ்னாத்
மஸ்விங்கோ

உறையை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். எழுதி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்து போனேன். அவள் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழங்கால் போட்டுக் கைதட்டி, "அக்கா, அந்தக் கையக் கேட்டு எழுதிட்டேன்" என்றேன். அவள் கீரைக் கட்டை நகர்த்தினாள். பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள், நான் உட்கார்ந்து மீதிக் கீரையை அவளோடு ஆய்ந்தேன்.